முடிச்சூர் மனைக்கு எத்தனை அடி பேஸ்மட்டம்?

கேள்வி: முடிச்சூரில் 2012-ல் ஒரு கிரவுண்ட் மனை வாங்கினோம். அங்கீகாரமில்லாத மனைப்பிரிவு, 2019-ல் வரன்முறைப்படுத்திவிட்டோம். நானும் கணவரும் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறோம். கீழே நாங்கள், மாடியில் மகள் குடும்பம் என்று ஒரு வீடு கட்ட ஆசை. 2015-ல் பக்கத்து வீட்டு ஜன்னல் அடிக்கட்டை வரை தண்ணீர் நின்றது. 2023 மிக்ஜாம் புயலில் முழங்காலுக்கு மேல். மேஸ்திரி, “மனை பூரா நாலடி மண்ணு கொட்டி, அதுமேல ரெண்டடி பேஸ்மட்டம் போட்டுட்டா செம்பரம்பாக்கத்தையே தொறந்தாலும் தண்ணி வராதும்மா” என்கிறார். மண் கொட்டினால் கோர்ட்டுக்குப் போவேன் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். தூண்மேல் கட்டச் சொல்கிறான் என் தம்பி. அப்படிக் கட்டினால் கார் நனையாதா என்கிறார் கணவர். வெள்ளம் வரும் இடத்தில் இத்தனை அடி உயரத்தில்தான் கட்ட வேண்டும் என்று அரசு விதி ஏதும் உண்டா? சுயசான்று முறையில் அனுமதி வாங்கினால் போதுமா?
— வாசகி, முடிச்சூர்

பதில்: அம்மா, விதிக்கு வருவதற்கு முன் உங்கள் மேஸ்திரியின் பேச்சில் ஒன்றைத் திருத்த வேண்டியிருக்கிறது. முடிச்சூருக்குத் தண்ணீர் செம்பரம்பாக்கத்திலிருந்து வருவதில்லை. அந்த ஏரியின் உபரிநீர் திருநீர்மலைப் பக்கம்தான் அடையாற்றில் சேர்கிறது. நீங்கள் அதற்கு மேலே, ஆற்றின் தலைப்பக்கம் இருக்கிறீர்கள். உங்களிடம் வருவது ஆதனூர், மண்ணிவாக்கம், ஒரத்தூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழியாக வழிகிற தண்ணீர். போதாததற்கு உங்கள் தலைமேலேயே கொட்டுகிற மழை. 2015 டிசம்பர் 2-ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. உங்கள் ஒரு கிரவுண்டில் (2400 சதுர அடி) மட்டும் அன்று விழுந்த தண்ணீரைக் கணக்குப் போட்டால் ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் லிட்டர் வருகிறது. பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி ஒன்பது! இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், டிவியில் செம்பரம்பாக்கம் எத்தனை அடி என்று பார்த்துக்கொண்டிருந்தால் உங்களுக்கு எச்சரிக்கை கிடைக்காது. ஆதனூர், மண்ணிவாக்கம் ஏரிகள் நிரம்பிவிட்டனவா என்று அந்தப் பக்கம் இருக்கிற தெரிந்தவர்களிடம் போனில் கேட்பதுதான் உதவும்.

சரி, விதி. இத்தனை அடி உயரத்தில் வீட்டுத் தரை இருக்க வேண்டும் என்று உங்கள் தெருவுக்கென்று எந்த விதிப் புத்தகத்திலும் எழுதியில்லை. இப்போது நடைமுறையில் இருப்பது 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். பக்க இடைவெளி, சாலை அகலம், தளப்பரப்புக் குறியீடு (மனைப் பரப்பைப்போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு), வாகன நிறுத்தம், மழைநீர் சேகரிப்பு எல்லாவற்றுக்கும் அதில் அளவு உண்டு. நீர்நிலைக்கு 15 மீட்டருக்குள் வரும் மனைக்குத் தனி நிபந்தனையும் உண்டு. உங்கள் கழிவுநீர் அந்த நீர்நிலையில் போய்ச் சேரக்கூடாது என்பது அதில் முக்கியமானது. பேஸ்மட்டம் என்று எடுத்தால், தேசியக் கட்டடக் குறியீட்டில் சுற்றியுள்ள தரையிலிருந்து குறைந்தது 45 சென்டிமீட்டர், அதாவது ஒன்றரை அடி. ஈரமும் மழைச் சாரலும் சுவரில் ஏறாமலிருக்க அது போதும். ஜன்னல் வரை தண்ணீர் நின்ற தெருவில் அந்த ஒன்றரை அடி ஒன்றுமே இல்லை.

(இடையில் ஒரு சொல் விளக்கம். கொத்தனார், மேஸ்திரிகள் பேஸ்மட்டம் என்றோ பேஸ்மெண்ட் என்றோ சொன்னால் தரைக்கு மேலே எழும்பும் பீடத்தைச் சொல்கிறார்கள். இன்ஜினியர் பேஸ்மெண்ட் என்றால் தரைக்குக் கீழே இருக்கும் தளம். பூமிக்கடியில் ரூம் கட்டச் சொல்கிறாரோ என்று பயந்து எனக்கு ஒருவர் போன் செய்ததுண்டு. முடிச்சூரில் இரண்டாவது வகையை யாராவது வரைந்து கொடுத்தால் அந்த வரைபடத்தை வாங்காதீர்கள்.)

வெள்ளச் சமவெளியில் எதை எங்கே கட்டலாம் என்பதற்கு மத்திய நீர்வள ஆணையம் 1975-லேயே ஒரு மாதிரிச் சட்ட வரைவு எழுதி மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர், ராஜஸ்தான், உத்தராகண்ட் போன்ற சில மாநிலங்கள் சட்டமாக்கின. தமிழ்நாடு அந்த வரிசையில் இல்லை. ஆனாலும் அந்த வழியில் வந்த மத்திய வழிகாட்டுதல்களில் உங்களுக்கு நேரடியாக உதவும் ஒன்று இருக்கிறது. மருத்துவமனை, மின்நிலையம் போன்றவை நூறாண்டு வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். குடியிருப்பும் அரசு அலுவலகமும் இருபத்தைந்தாண்டு வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். ஆபத்தான பகுதியில் கட்டும் வீடுகள் தூண்களின் மேல் நிற்க வேண்டும். பூங்காவும் விளையாட்டுத் திடலும் தாழ்வான இடத்தில் இருக்கலாம். ஆக, உங்கள் தம்பி சொன்னதும் வழிகாட்டுதல் சொல்வதும் ஒன்றுதான்.

இருபத்தைந்தாண்டு வெள்ளம் என்றதும் ‘2015-ல் வந்துவிட்டது, இனி 2040-ல்தான்’ என்று எண்ணிவிட வேண்டாம். ஒவ்வோர் ஆண்டும் வருவதற்கு நூற்றுக்கு நாலு வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். அந்த வீட்டில் நீங்கள் முப்பது ஆண்டு இருந்தால், ஒரு முறையாவது அதைப் பார்க்க எழுபது சதவீத வாய்ப்பு இருக்கிறது. மாதச் சீட்டுக் குலுக்கல் போல அல்ல இது. அங்கே போன மாதம் பெயர் விழுந்தவரின் சீட்டை எடுத்துவிடுவார்கள், இங்கே உங்கள் சீட்டு ஒவ்வோர் ஆண்டும் உள்ளேயேதான் கிடக்கும்.

அந்த மட்டம் உங்கள் தெருவில் எத்தனை அடி? இதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். எல்லா வேலைக்கும் முன்னால் செய்ய வேண்டியதும் இதுதான். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் இதைச் செய்யாமல் வருகிறார்கள். “இடுப்பளவு நின்னுச்சு சார்” என்பார்கள். யார் இடுப்பு? ரோட்டில் நின்றா, வாசலில் நின்றா?

ஒரு சர்வேயரை அரை நாளுக்குக் கூப்பிடுங்கள், மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவல் கருவியோடு. முதலில் அசையாத ஒரு புள்ளி வேண்டும். பாலத்தின் கைப்பிடிச் சுவரின் அடி, பழைய கோயில் படிக்கட்டு இந்த மாதிரி. ரோட்டை அடையாளப் புள்ளியாக வைக்கவே கூடாது. காரணம் கீழே வருகிறது. அப்புறம் தெருவில் நாலைந்து வீடுகளில் 2015 கறையையும் 2023 கறையையும் அளக்கச் சொல்லுங்கள். வெள்ளையடித்துவிட்டோம் என்பார்கள், காம்பவுண்டுச் சுவரின் உள்பக்கம், மோட்டார் ரூம், மாடிப்படிக்கு அடியில் பாருங்கள், கோடு இருக்கும். தேங்கி நின்ற தண்ணீரின் மேல்மட்டம் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தாக வேண்டும். நாலு வீட்டில் ஒத்துப்போய் ஒரு வீட்டில் மட்டும் முக்கால் அடி கூடினால், அந்த வீட்டுக்காரர் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டவர் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு, பலருக்குத் தெரியாது. பெரிய அடுக்குமாடிக் குடியிருப்போ மனைப்பிரிவோ வரும்போது, வெள்ளத்தில் மூழ்குமா என்று பார்த்து நீர்வளத் துறை தடையின்மைச் சான்று தருகிறது. கடல் மட்டத்தைக் கணக்கில் வைத்து, இந்த இடத்தை இத்தனை மீட்டர் மட்டத்துக்கு உயர்த்த வேண்டும் என்று அந்தச் சான்றில் குறிப்பிடுவார்கள். தனி வீட்டுக்கு அநேகமாக இதைக் கேட்பதில்லை. ஆனால் உங்கள் தெருவுக்கு அரைக் கிலோமீட்டருக்குள் அப்படி ஏதாவது எழும்பியிருந்தால், அந்தச் சான்றின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். துறையின் கணக்கு பத்து ரூபாயில் உங்கள் கைக்கு வந்துவிடும். உங்கள் கறைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்து, எது அதிகமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ரோடு. என் தொழிலின் தொடக்க காலத்தில் புறநகரில் ஒரு வீட்டுக்கு மட்டம் வைத்தேன். ரோட்டின் நடுமுதுகிலிருந்து இரண்டரை அடி. அன்றைக்கு எல்லாரும் அப்படித்தான் வைப்போம். ஒவ்வொரு முறை ரோடு போட்டபோதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுக்கொண்டு போனார்கள். போன வருஷம் அந்தப் பக்கம் போயிருந்தேன். அந்த வீட்டு வாசலுக்கு இப்போது ஒரு படி கீழே இறங்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார், திட்டியிருந்தால் தேவலை. 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். நல்ல உத்தரவு. ஆனால் உங்கள் தெருவில் ரோடு போட வரும் அன்று அதை நினைவூட்ட வாசலில் நிற்கப்போவது நீங்கள்தான். அதனால் வரைபடத்தில் ‘ரோட்டிலிருந்து இத்தனை அடி’ என்று எழுத விடாதீர்கள். அந்தப் பாலத்துச் சுவரிலிருந்து இத்தனை என்று எழுதச் சொல்லுங்கள்.

ஒரு கணக்குப் பார்ப்போம். உங்கள் பக்கத்து வீட்டு ஜன்னல் அடிக்கட்டை, அந்த வீட்டுத் தரையிலிருந்து வழக்கமாக மூன்றடி. அந்த வீடு ரோட்டிலிருந்து ஒன்றரை அடி உயரம் என்றால், 2015 தண்ணீர் ரோட்டுக்கு மேல் நாலரை அடி. அதற்கு மேல் நான் இரண்டடி விட்டுவைப்பேன். எதற்கு என்றால், உங்கள் மேஸ்திரியைப் போன்றவர்கள் அந்த ஊரில் நூறு பேர் இருக்கிறார்கள். ஒவ்வொரு மனையும் மேடாக மேடாக அதே மழைக்குத் தண்ணீர் இன்னும் உயரமாக நிற்கும். ஆக நீங்கள் படுத்துத் தூங்கும் தரை, இன்றைய ரோட்டிலிருந்து ஆறரை அடிக்குக் குறையக் கூடாது. சர்வேயர் அளந்து சொல்லும் எண்ணை வைத்து இதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

இந்த ஆறரை அடியை எப்படி ஏறுவது? மேஸ்திரி கணக்கும் ஆறடிக்கு வருகிறது என்பதைக் கவனித்தேன். உயரத்தில் அவர் தப்பாகச் சொல்லவில்லை. வழிதான் தப்பு. 2400 சதுர அடிக்கு நாலடி மண் என்றால் 9600 கன அடி, நூறு கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில் 96 யூனிட். திமிசு போட்டு இறுக்கினால் அமுங்கும், ஆகவே நூற்றுப் பதினைந்து யூனிட்டாவது வாங்க வேண்டியிருக்கும். அத்தனை சவுடு மண் எங்கிருந்து வரும் என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் ஏதோ ஓர் ஏரியிலிருந்து. அது ஒரு பக்கம் இருக்கட்டும். இதுவரை வெள்ளம் வந்தால் உங்கள் மனையில் இரண்டே முக்கால் லட்சம் லிட்டர் தண்ணீர் நின்றது. அந்த இடத்தை மண் பிடித்துக்கொண்டால் அது எங்கே போகும்? உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது.

சட்டப்படி அவர் ஜெயிப்பாரா என்றால், நான் வக்கீல் இல்லை. 1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தில், மேட்டு நிலத்தில் விழும் தண்ணீர் இயல்பாகப் பள்ளத்து நிலத்துக்கு ஓடுவதற்கு மேட்டுக்காரருக்கு உரிமை உண்டு என்று இருக்கிறது. ‘இயல்பாக’ என்பதுதான் அங்கே முக்கியம். லாரியில் மண் கொண்டுவந்து மேடாக்கி, ஒரு பைப் வைத்து அடுத்தவர் சுவரில் பீய்ச்சுவது இயல்பு ஆகாது. அதற்காகக் கோர்ட் வாசலில் ஐந்து வருஷம் நிற்பதைவிட மண்ணே கொட்டாமலிருப்பது மலிவு. மனை எந்த மட்டத்தில் இருக்கிறதோ அப்படியே விடுங்கள். தண்ணீர் வரட்டும், நிற்கட்டும், வடியட்டும். வீடு மட்டும் அதற்கு மேலே இருக்கட்டும்.

மனை வேண்டாம், வீட்டின் அடியில் மட்டும் ஆறரை அடிக்குப் பேஸ்மட்டம் கட்டி மண் நிரப்பலாமே என்று மேஸ்திரி அடுத்துச் சொல்வார். மூன்று, மூன்றரை அடி வரை நானே அதைத்தான் சொல்வேன், செலவு குறைவு. அதற்கு மேலே போனால் உள்ளே நிரப்பிய மண் சுவரை வெளியே தள்ளும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் அதற்காகக் கட்டியதல்ல. ஆறடி மண்ணை அரையடி அரையடியாகப் போட்டுத் தண்ணீர் விட்டு இறுக்கும் பொறுமை எந்த சைட்டிலும் நான் பார்த்ததில்லை. மொத்தமாகக் கொட்டி மேலே தண்ணீர் விட்டுவிடுவார்கள். இரண்டு மழைக்காலம் கழித்து ஹாலில் டைல்ஸ் நடுவில் குழிந்து, சுவரோரம் விரல் நுழைகிற அளவு இடைவெளி விழும்.

ஆகவே தூண்தான். தூணுக்கு இடையே காலியாக, வாகனம் நிறுத்த மட்டும் விட்ட தளம் தளப்பரப்புக் குறியீட்டில் சேராது. உங்களுக்கு அனுமதிக்கப்பட்ட சதுர அடியில் ஒன்றும் குறையாது. ஆனால் தம்பி சொல்லாத இரண்டு விஷயம் இருக்கிறது.

ஒன்று, நிலநடுக்கம். 2002-ல் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு குஜராத் பூகம்பத்தில் அகமதாபாத்தில் விழுந்த அடுக்குமாடிகளில் பல, கீழே வெறும் தூணும் மேலே சுவருமாக இருந்தவை. மேல் மாடிகள் சுவர்களால் விறைப்பாக இருக்கும், கீழ்த்தளம் மட்டும் கொக்கின் கால் போல இருக்கும். ஆட்டம் வந்தால் முழுச் சுமையும் அந்தக் காலில்தான் விழும். அதனால் ‘ஒன்பதுக்குப் பன்னிரண்டு தூண் போதும்’ என்று மேஸ்திரி முடிவு செய்யக் கூடாது. பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளர் கணக்குப் போட்டு, இரண்டு திசையிலும் ஒன்றிரண்டு கான்கிரீட் சுவர்களாவது வைத்து, வளையக் கம்பிகளைத் தூணின் தலையிலும் அடியிலும் நெருக்கிக் கட்டச் சொல்ல வேண்டும். மண் பரிசோதனை செய்யாமல் அவர் கணக்கே போட முடியாது. உங்கள் பகுதிக் களிமண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அடியில் குமிழ் வைத்து பூமிக்குள் இறக்கும் அஸ்திவாரத் தூண், அதாவது அண்டர்ரீம்டு பைல், அங்கே தேவைப்படலாம். அறிக்கை வந்த பிறகு பேசலாம்.

இரண்டு, உங்கள் முழங்கால். வெள்ளத்துக்கு ஆறரை அடி போதும், ஆனால் அடியில் கார் நிற்கத் தூண் தளத்தை எட்டரை அடியாக வைக்க வேண்டும். ஓய்வு பெறப்போகும் நீங்கள் தினமும் பதினைந்து படி ஏற வேண்டும். சக்கர நாற்காலி ஏறும் சரிவுப்பாதை வைக்கலாம் என்றால், ஓரடிக்குப் பன்னிரண்டடி கணக்கில் எட்டரை அடி ஏற 102 அடி நீளம் வேண்டும். ஒரு கிரவுண்டில் நடக்காது. லிப்டுக்கு இப்போதே இடம் விட்டுவைத்துவிடுங்கள், பிறகு வாங்கினாலும் சரி. லிப்டின் குழிதான் முதலில் நிரம்பும். கட்டுப்பாட்டுப் பெட்டியை மாடியில் வைக்கச் சொல்லுங்கள், பலத்த மழை எச்சரிக்கை வந்தால் லிப்டை மேல்தளத்தில் நிறுத்தி மெயினை அணைத்துவிடுங்கள்.

தூணுக்கு அடியில் இடம் சும்மா கிடக்கிறதே என்று மூன்றாம் வருஷம் ஓர் ஆசை வரும். வாட்ச்மேனுக்கு ஒரு ரூம், ஒரு சின்னக் கடை, டியூஷன் கிளாஸ். செய்யாதீர்கள். சுவர் எழுப்பிய அந்த நிமிடமே அது வாகன நிறுத்தம் அல்ல, அனுமதிக்கு மாறான கட்டடம். அதைவிட, வெள்ளம் இரவில்தான் வரும் என்று எதிர்பாருங்கள். அந்த ரூமில் தூங்குகிறவர் யார்?

காம்பவுண்டுச் சுவரைப் பற்றிக் கடிதத்தில் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். தண்ணீர் ஒரு பக்கம் ஒரு மீட்டர் உயரத்துக்கு நின்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் அரை டன் எடையோடு தள்ளும். பத்து மீட்டர் சுவருக்கு ஐந்து டன். வெள்ளத்தில் முதலில் சாய்வது இந்தச் சுவர்தான். அடியில் இரண்டு மீட்டருக்கு ஒரு துவாரம் விடுங்கள், இரண்டு பக்கமும் தண்ணீர் சமமாக ஏறட்டும். பாம்பு வரும் என்பார்கள். கம்பி வலை வைத்துக்கொள்ளலாம்.

சம்ப்பும் அப்படித்தான், ஆனால் தலைகீழாக. தரைக்கடியில் மூன்று மீட்டருக்கு இரண்டு மீட்டர், ஆழம் இரண்டு மீட்டர் என்று ஒரு சம்ப் இருந்தால், தரை வரை நீர் ஏறும்போது பூமி அதைப் பன்னிரண்டு டன் விசையோடு மேலே தள்ளும். காலியாக இருந்தால் படகுதான், விரிசல் விட்டுவிடும். மழைக்கு முன்னால் சம்ப்பை நிரப்பிவிடுங்கள். மூடி வெள்ள மட்டத்துக்குக் கீழே இருப்பதால் அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியாது. குடிக்க மாடித் தொட்டியை நிரப்பி வையுங்கள். செப்டிக் டேங்க் மூடி ரப்பர் வைத்து இறுகியிருக்க வேண்டும், அதிலிருந்து வீட்டுக்கு வரும் குழாயில் தண்ணீர் திரும்பி வராத நான்-ரிட்டர்ன் வால்வு வேண்டும். இல்லையென்றால் ஊர் கழிவெல்லாம் உங்கள் குளியலறைத் துளை வழியாக வரும். போர்வெல்லின் குழாயை வெள்ள மட்டத்துக்கு மேலே நீட்டி மூடி போடுங்கள். மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் கட்டாயம். அந்தக் குழியைச் செப்டிக் டேங்கிலிருந்து முடிந்த அளவு தள்ளி வையுங்கள், மொட்டைமாடித் தண்ணீர் மட்டும் அதில் போகட்டும். மின்சார மீட்டரும், வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிபி பெட்டியும் மேலே. தூண் தளத்து விளக்குக்கும் மோட்டாருக்கும் தனி எம்சிபி சுவிட்ச். ஒன்றைத் தட்டிவிட்டால் கீழே மின்சாரமே இருக்கக் கூடாது.

இனி அனுமதி. சுயசான்று முறை 2024 ஜூலையில் தொடங்கியது. 2500 சதுர அடிக்கு மிகாத மனையில் 3500 சதுர அடி வரை தரைத்தளம், முதல் தளம் கட்ட, ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால் உடனடியாக அனுமதி. மனைப் பரப்பில் நீங்கள் உள்ளே வருகிறீர்கள். சிக்கல் உயரத்தில். தொடங்கும்போது வைத்த வரம்பு ஏழு மீட்டர். தூண் தளம் எட்டரை அடி, அதன்மேல் பத்தரை பத்தரையாக இரண்டு தளம் என்றால் ஒன்பது மீட்டரைத் தொடும். திட்டத்தில் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கின்றன. விண்ணப்பிக்கும் அன்று இணையதளத்தில் உள்ள வரம்பைப் பாருங்கள். அதற்குள் வரவில்லையென்றால் வழக்கமான முறையில் வரைபட அனுமதிக்குப் போங்கள். சில வாரம் கூடுதலாகும், ஆகட்டும். ஏழு மீட்டருக்குள் அடங்க வேண்டும் என்று தூண் உயரத்தை வெட்டாதீர்கள். ‘சார், இப்ப தரையோட கட்டிடலாம், அப்ரூவல் ஒரே நாள்ல வாங்கிடலாம்’ என்று யாராவது சொன்னால், அவர் உங்கள் வீட்டில் குடியிருக்கப்போவதில்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சுயசான்று என்றால் பொறுப்பு உங்கள் தலையில் என்று பொருள். நீங்கள் கொடுக்கும் விவரம் தவறாக இருந்தால் ‘ஆபீசர் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டார்’ என்று காட்ட ஆள் இல்லை.

வரன்முறைச் சான்று இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான அங்கீகாரமில்லாத மனைகளுக்காக 2017-ல் வந்த திட்டம் அது. ஏரி, கால்வாய், ஆறு போன்ற நீர்நிலை இடங்களை அதில் சேர்க்கவில்லை. ஆக உங்கள் மனை நீர்நிலையில் இல்லை என்பதற்கு அது ஓரளவு ஆறுதல்தான். தண்ணீர் வராது என்பதற்கு இல்லை. சர்வே எண்ணுக்குப் புலப்படமும் (நில அளவை வரைபடம்) அ-பதிவேடும் (கிராம நிலப் பதிவேடு) எடுத்து, உங்கள் மனையை மட்டும் பார்க்காமல் நாலாபக்கத்துச் சர்வே எண்களையும் பாருங்கள். ‘வாய்க்கால்’, ‘ஓடை’, ‘ஏரி உள்வாய்’ என்ற சொற்கள் எங்காவது தென்படுகின்றனவா? இன்று அங்கே ரோடோ வீடோ இருக்கலாம். தூர்ந்துபோன வாய்க்கால்தான் பெருமழையில் முதலில் ஓடும். அப்படி ஏதாவது உங்கள் எல்லையை ஒட்டி இருந்தால், அந்தப் பக்கத்துத் தூண்களைப் பற்றிப் பொறியாளரிடம் தனியாகச் சொல்லுங்கள். ஓடும் தண்ணீர் அடிமண்ணை அரிக்கும், தேங்கிய தண்ணீர் அரிக்காது.

மேஸ்திரியை மாற்ற வேண்டாம். இத்தனை வெள்ளத்துக்குப் பிறகும் அங்கேயே வேலை செய்பவருக்கு அந்த மண் தெரியும். சர்வேயர் மட்டமும் மண் பரிசோதனை அறிக்கையும் பொறியாளர் வரைபடமும் கையில் வரும்வரை அவரிடம் அட்வான்ஸ் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் கணவரின் கார். நனையும்தான். தூண் தளத்தை வெள்ளத்துக்கென்றே விட்டிருக்கிறோம். அங்கே நிற்கும் காருக்கு மட்டும் தண்ணீர் சலுகை தராது. வேளச்சேரிக்காரர்களைப் பார்க்கவில்லையா, ரெட் அலர்ட் என்றதும் மேம்பாலத்தின் இரண்டு ஓரமும் வரிசையாக நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்து போகிறார்கள். பெருங்களத்தூர்ப் பக்கம் மேடான இடத்தில் தெரிந்தவர் வீடு ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லிவைக்கச் சொல்லுங்கள். அன்றைக்குத் தேடினால் இடம் கிடைக்காது.